சவர்ப்பே இல்லை என்று நான் சொன்ன நாள்

முப்பத்தைந்து வயதில் ஒருவன் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று எழுதினால் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்துக்கொள்ளுங்கள். மும்பையில் ஒரு பெரிய ஹோட்டலின் ஒயின் பிரிவில் பதினான்கு வருடம் நின்றேன். நின்றேன் என்றால் நின்றேன்தான்; அந்த வேலையில் உட்கார நாற்காலி கிடையாது. போன மாதம் விட்டுவிட்டேன். அடுத்து உணவு அறிவியல் படிக்கப் போகிறேன். ஒரே இடத்தில் இருக்க எனக்கு வராது என்று வீட்டில் சொல்வார்கள், சரிதான்.

எனக்குப் பின்னால் அந்தப் பிரிவுக்கு வந்த பிள்ளைகள் வாட்ஸாப் குழுவில் இரண்டு கேள்வி கேட்டார்கள். இப்போது ஒரு செயலி வந்திருக்கிறது. பாட்டிலின் லேபிளைப் படம் எடுத்தால் போதும். வாசனை, புளிப்பு, துவர்ப்பு எல்லாவற்றையும் நாலு வரியில் சொல்லிவிடுகிறது. "இனிமே நாக்கு எதுக்கு சார்?" என்பது ஒரு கேள்வி. "நீங்க குடிச்சதுலயே எது பெஸ்ட்?" என்பது இன்னொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்: எந்த வயதில் என்று சொல்லுங்கள்.

பதினெட்டு வயதில் எனக்குப் பிடித்த ஒயின் பாகு மாதிரி இருக்கும். தாராவியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் கிறிஸ்துமஸுக்கு உலர்திராட்சையில் போடுவார்கள். சின்ன கிளாஸில் தருவார்கள். ஒயின் என்றால் அதுதான் என்று நினைத்திருந்தேன். பிறகு மூன்று வருடம் கேட்டரிங் படிப்பு. அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, பாதி நாள் வெங்காயம் நறுக்கினோம். வேலைக்கு வந்து இரண்டு வருடத்தில் தித்திப்பு எனக்கு அலுத்துப்போய், கனமான சிவப்பு ஒயின் பைத்தியம் பிடித்தது. வாய் முழுக்க இழுத்துப் பிடிக்க வேண்டும், ஈறு காய்ந்துபோக வேண்டும், அப்போதுதான் ஒயின். நாளுக்கு ஆறு தடவை அரை கிளாஸ் திக்கான கட்டிங் சாயா குடிக்கிற நாக்கு வேறு எதைக் கேட்கும்? முப்பதுக்குப் பிறகு புளிப்பான வெள்ளை. இப்போது லேசான சிவப்பு, கொஞ்சம் குளிரவைத்து.

சிவப்பு ஒயினின் அந்தப் பிடிப்புக்குக் காரணம் திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கிற டேனின். தோல் பதம் போடக் கடுக்காயில் ஊறவைப்பதும் அதே சமாசாரத்துக்காகத்தான். என் அப்பா தாராவியில் தோல் ஷெட்டில் வேலை பார்த்தவர். வேலை கிடைத்ததைச் சொன்னபோது, "ஏல, தண்ணி ஊத்திக் குடுக்கதுக்கா மூணு வருசம் படிச்ச?" என்றார். நான் டேனினையும் கடுக்காயையும் வைத்து அவருக்கு மரியாதையாக விளக்கினேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பம் நாக்கையும் பதம் போட்டுருதுன்னு சொல்லு."

பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை. அம்மா அதையெல்லாம் காதில் வாங்கவில்லை. குழாய் நின்று போர் தண்ணி வந்திருந்தது அன்றைக்கு. ஒரு வாய் ருசி பார்த்து, "ஒரே சவரா இருக்கு, காப்பிக்கு ஆவாது," என்று பக்கெட்டை ஓரம் தள்ளினாள்.

என் மேலதிகாரி ஜெயஸ்ரீ மேடம். மும்பையிலேயே, தமிழர் அதிகம் இருக்கிற மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர், பாலக்காட்டுக் குடும்பம். ஒயின் வாங்குவதில் அவர் சொல்வதுதான் முடிவு. இருபது வருடத்தில் ஒரு சொட்டுகூட விழுங்கியதில்லை. ருசித்துத் துப்புவதோடு சரி. மாமியார் வீட்டில் 'பர்ச்சேஸில் இருக்கிறாள்' என்று சொல்லிவைத்திருந்தார். அது பொய்யும் இல்லை.

அவர் வைத்த முறை இது. புதிய சரக்கு வந்தால் மூன்று வேறு வேறு பெட்டியிலிருந்து மூன்று பாட்டில். காலை பதினொரு மணிக்கு, சாப்பாட்டுக்கு முன். எட்டு மணிக்குப் பிறகு காப்பி கிடையாது. ஃபில்டர் காப்பிக்குப் பேர்போன மாட்டுங்காவின் ஆளுக்கு அது சின்ன விஷயம் இல்லை. தலைக்கு எண்ணெய், சென்ட் கூடாது. மேடம் வரும்போது தலையில் பூ இருக்கும். அதை எடுத்து ஒரு டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குவார். மாலையில் ரயிலுக்குக் கிளம்பும்போது திரும்ப வைத்துக்கொள்வார். சிவப்பு ஒயினை இருபது நிமிடம் ஐஸ் பக்கெட்டில் வைக்க வேண்டும். அறை வெப்பத்தில் பரிமாறு என்று புத்தகம் எழுதியவனுக்கு மும்பை அறை தெரியாது. கிளாஸில் முதலில் அதே ஒயினைக் கொஞ்சம் ஊற்றி அலசிக் கொட்ட வேண்டும். பார், முகர், வாயில் வைத்துக் கன்னம் இரண்டிலும் சுழற்று, பத்து வரை எண்ணு, துப்பு. உடனே கார்டில் எழுது. எழுதி முடிக்கும்வரை யாரும் யாரோடும் பேசக் கூடாது.

இந்தக் கடைசி விதியில்தான் அவர் கறார். ஒருவர் வாய் திறந்து 'மிளகு வாசனை' என்று சொல்லிவிட்டால் அறையில் எல்லார் மூக்கிலும் மிளகு ஏறிவிடும் என்பார். ஒருமுறை நான் 'ம்' என்று தலையாட்டியதற்கே வெளியே அனுப்பினார். உத்தரவெல்லாம் இங்கிலீஷில், திட்டு ஹிந்தியில். தமிழ் என்னோடு மட்டும்தான், அதுவும் அவசரம் என்றால்.

நான் சொல்ல வந்தது நான் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது வருடம் நடந்தது.

நாசிக் பக்கம் மோரே என்று ஒரு சிறு உற்பத்தியாளர். சொந்தத் தோட்டம், சொந்தத் தொட்டி, வீட்டு ஆட்களே வேலையாட்கள். கேபர்னே என்கிற திராட்சையில் அவர் போடும் சிவப்பு ஒயினில் பெரும்பங்கை எங்கள் ஹோட்டல்தான் எடுத்துக்கொள்ளும். அந்த ஒயினுக்கு ஒரு நிரந்தர வாடிக்கையாளர் இருந்தார், செம்பூர் நடராஜன் சார். பெரிய கம்பெனியில் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு மனைவியோடு வருவார், ஜன்னலோர மேஜை, அவருக்கு மோரேயின் கேபர்னே இரண்டு கிளாஸ், அந்த அம்மாவுக்கு எலுமிச்சை சோடா. வருடக்கணக்காக இதில் மாற்றமே இல்லை.

புதிய வருடச் சரக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை அவர் கிளாஸைத் திருப்பி அனுப்பினார். கசக்கிறது என்றார். வேறு பாட்டில் திறந்தேன், அதையும் அனுப்பினார். அடுத்த வாரமும் அதே. மூன்றாவது வாரம், இது அந்த ஒயினே இல்லை, லேபிளை மட்டும் ஒட்டி ஏமாற்றுகிறீர்கள் என்று ஜெனரல் மேனேஜருக்குக் கடிதம் எழுதிவிட்டார். ஜெனரல் மேனேஜர் மறுநாள் மதியத்துக்குள் பதில் வேண்டும் என்றார்.

மேடத்துக்கு அன்று காலைதான் கடைவாய்ப் பல் பிடுங்கியிருந்தது. வாயில் தையல், ஒரு வாரத்துக்கு ஒயினைத் தொட முடியாது. நான் தனியாக மூன்று பாட்டில் திறந்தேன். சுழற்றினேன், எண்ணினேன், துப்பினேன். கார்டை எடுத்தபோது போன் அடித்தது. மேடம்தான். பாதி உதடு மரத்துப்போன குரல்.

"முத்து, கேளு. கார்டெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம். ஒண்ணு மட்டும் சொல்லு. சவர்க்கறதா?"

அந்தக் கேள்வி எனக்குப் பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது. ஏனென்றால் அந்த வாரம் ஹோட்டலில் தண்ணீர் வெட்டு. கிளாஸ் கழுவ போர் தண்ணி விட்டிருந்தார்கள், ஐஸில்கூட உப்புத் தட்டியது. கிளாஸில் இருந்த சவர்த் தண்ணிதான் காரணமோ என்று, வாயில் தையலோடு உட்கார்ந்துகொண்டு எப்படி யோசிக்கிறார் பாருங்கள் என்று நினைத்தேன். மூன்று பாட்டிலையும் இன்னொரு தடவை வாயில் வைத்தேன். உப்பு மருந்துக்கும் இல்லை.

"இல்ல மேடம். சவர்ப்பே கெடயாது."

"துளிகூட?"

"துளிகூட இல்ல. மூணு பாட்டிலும் பாத்துட்டேன்."

அந்தப் பக்கம் பேனா கிறுக்கும் சத்தம் கேட்டது. பிறகு "செரி, நான் பாத்துக்கறேன்," என்று வைத்துவிட்டார். மோரேயின் ஒயினைக் காப்பாற்றிவிட்டோம் என்று நான் சந்தோஷமாகப் பாட்டில்களை மூடினேன். மேடமே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார் என்று கார்டு எழுதவில்லை.

நாலு நாள் கழித்து, சரக்கு இறக்குகிற பின்வாசலிலிருந்து காவலர் கூப்பிட்டார். மோரே வந்திருந்தார், காலி டெம்போவோடு. அறுபது பெட்டியையும் திரும்ப எடுத்துப்போகச் சொல்லிக் கடிதம் போயிருக்கிறது. எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அவர் சத்தம் போடவில்லை. ஹிந்தியில் மெதுவாகச் சொன்னார்: பெட்டியை எடுத்துப்போகிறேன், அது பெரிதில்லை. ஆனால் இந்த ஹோட்டல் திருப்பிய சரக்கை வேறு எந்த ஹோட்டல் வாங்கும்? மாசியில் அறுவடை, கிடங்கு காலியாகாவிட்டால் புதுச் சாறை எதில் வைப்பது? வீட்டில் கேட்டால் என்ன குறை என்று சொல்லட்டும்? அதை மட்டும் சொல், போய்விடுகிறேன்.

கடிதத்தை நீட்டினார். மாதிரிக்குத் தந்த ஒயினுக்கும் அனுப்பிய ஒயினுக்கும் சம்பந்தம் இல்லை, கேபர்னேயில் இருக்க வேண்டிய டேனின் துளியும் இல்லை என்று இருந்தது. கீழே: ருசி பார்த்தவர், முத்துக்குமார்.

மோரே அங்கேயே ஒரு பாட்டிலைத் திறந்தார். காவலரின் சாயா கிளாஸைக் கழுவி ஊற்றினார். நான் வாயில் வைத்தேன். ஈறு காய்ந்து, கன்னம் உள்ளே இழுத்தது. அவர் என் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கிறதா இல்லையா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அப்படியானால் இதை ஏன் எழுதினாய்? டெம்போவில் ஒரு பெட்டியும் ஏற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினேன்.

மேடம் ஊழியர் கேண்டீனில் டப்பாவைத் திறந்து உட்கார்ந்திருந்தார். தயிர்சாதம், வாழைப்பூத் துவட்டல். நான் போன வேகத்தில் மேடம் என்றுகூடச் சொல்லவில்லை.

"டேனின் இல்லனு நான் எப்ப சொன்னேன்?"

"நீதானேடா சொன்னே? சவர்ப்பே கெடயாது, துளிகூட இல்லேன்னு?"

"ஆமா. உப்பு இல்லனு சொன்னேன்."

"உப்பா? உப்ப யாரு கேட்டா?"

மேடம் டப்பாவை என் பக்கம் தள்ளி, வாழைப்பூவைக் காட்டினார்.

"தின்னு பாரு. இது என்ன ருசி?"

"துவர்ப்பு."

"ஆத்துல இதுக்கு நாங்க சவர்ப்புன்னுதான் சொல்லுவோம். பொறந்ததுலேர்ந்து."

"எங்க வீட்டுல சவர்னா போர் தண்ணி, மேடம்."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். எங்களைப் பார்த்து அல்ல. மேடம் கரண்டியைக் கீழே வைத்தார். ஒரே தமிழ், ஒரே ஊர், தாராவிக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவில் ரயில் பாதை ஒன்றுதான். ஒரு வார்த்தையில் அறுபது பெட்டி. வாடிக்கையாளர் கசக்கிறது என்கிறார், கேபர்னேயில் துவர்ப்பே இல்லை என்று நான் சொன்னதாக மேடம் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படி ஒரு ஒயின் இருந்தால் அது கெட்ட சரக்குதான். அவர் எழுதியதில் தவறு இல்லை.

"நீ கார்டு எழுதினியோ?"

"இல்ல மேடம்."

"நான்தானே வேண்டாம்னேன்," என்றார். அதற்குமேல் அதைப் பற்றி என்னிடம் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை, அன்றும் சரி, பிறகும் சரி.

ஜெனரல் மேனேஜரிடம் அவரே போனார். கார்டுக்கு முன் பேசியது தன் பிழை என்றார். தமிழ் விளக்கமெல்லாம் ஜெனரல் மேனேஜர் கேட்கத் தயாராக இல்லை. கடிதத்தை நிறுத்திவைக்கலாம், ஆனால் வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் ஒப்புக்கொள்ளாவிட்டால் சனிக்கிழமை சரக்கு போயாக வேண்டும் என்றார். மோரே டெம்போவை நாசிக் போகிற வழியில் உள்ள கல்யாணில் ஒரு உறவினர் வீட்டு வாசலில் நிறுத்திக்கொண்டு காத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை நடராஜன் சார் முன்னால் ஒரே மாதிரி மூன்று கிளாஸ் வைத்தேன். அடியில் எண் ஒட்டி, பாட்டில்களைத் துணியில் சுற்றி. ஒன்று: போன வருடத்து மோரே, கடைசியாக மிஞ்சிய இரண்டு பாட்டிலில் ஒன்று. அந்தச் சரக்கைத்தான் அவர் போன வருடம் முழுக்க ரசித்துக் குடித்தார். இரண்டு: இந்த வருடத்து மோரே. மூன்று: திராட்சைத் தோலோடு அதிக நாள் ஊறவைக்காத லேசான சிவப்பு, வேறு ஒருவருடையது. மேடம் தூணுக்கு அந்தப் பக்கம் நின்றார், முகம் தெரியாத இடத்தில்.

சார் நிதானமாக மூன்றையும் ருசி பார்த்தார். ரசிகர், அதில் சந்தேகமில்லை. முதல் இரண்டையும் விரலால் தள்ளினார்.

"இது ரெண்டும் உங்க புதுச் சரக்கு. அதே கசப்பு. இந்த மூணாவதுதான் நான் வழக்கமாக் குடிக்கறது. எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க?"

நான் துணியை அவிழ்த்தேன். ஒன்றாம் எண் பாட்டிலில் போன வருடத்து லேபிளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு பெரிய மனிதரை அவர் மேஜையிலேயே வைத்து மடக்கிவிட்டேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் கோபத்தோடு எழுந்துபோயிருந்தால் மோரேயின் கதை அன்றோடு முடிந்திருக்கும்.

அந்த அம்மாதான் எலுமிச்சை சோடாவை நகர்த்திவைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார்.

"நாலு மாசமா ஆத்துல காப்பியும் கசக்கறதுங்கறார், தெரியுமோ? மாட்டுங்கால பொடிக்கடைய ரெண்டு தடவ மாத்தியாச்சு. எனக்குக் கலக்கத் தெரியலேன்னுகூடச் சொல்லியாச்சு, நாப்பது வருஷத்துக்கு அப்புறம்."

"அது பொடிதான்," என்றார் சார். சொல்லிவிட்டுப் பாட்டிலைப் பார்த்தார். "ஏம்ப்பா, பொடிக்காரன் மேல தப்பு இல்லேங்கறியா?"

"இல்ல சார்."

"இந்த நாசிக் ஆள் மேலயும் இல்ல."

"இல்ல சார்."

"அப்போ மிச்சம் நான்தான்."

வயது ஏற ஏற நாக்கு மாறும், சிலருக்குப் புதிதாகச் சாப்பிடுகிற மாத்திரையாலும் கசப்பு கூடும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். ஏதோ ரத்த அழுத்த மாத்திரை மாற்றியிருந்தார்களாம். அதனாலா, வயதாலா, எனக்குத் தெரியாது. நான் டாக்டர் இல்லை. அவர் தன் கடிதத்தின் நகலை வாங்கி, பின்பக்கத்தில் 'புகாரைத் திரும்பப் பெறுகிறேன், ஒயினில் குறை இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு மனைவியிடம், "நாளைக்குப் பழைய கடைலயே வாங்கு," என்றார். அந்த அம்மா சோடாவைப் பக்கத்தில் இழுத்துக் குடித்தார். மூன்றாவது கிளாஸை சார் முழுக்க முடித்தார்.

மறுநாள் மோரே காலி டெம்போவோடு நாசிக் திரும்பினார். போகும் முன் அந்தச் சரக்கில் ஒரு பாட்டிலை என் கையில் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். மேடத்திடம் சீட்டு எழுதி வாங்கி, கிடங்கில் அடித்தட்டில் படுக்கவைத்தேன்.

அதற்குப் பிறகு என் வேலைமுறை ஒன்று மாறியது. அதுவரை இருபத்தாறு வயது நாக்குக்குப் பிடித்ததை எழுபது வயதுக்காரருக்கும் ஊற்றிக்கொண்டிருந்தேன். பிறகு எந்த மேஜைக்குப் போனாலும் ஒயின் பேச்சை எடுப்பதற்கு முன் ஒரு கேள்வி: காப்பியோ டீயோ, எப்படிக் குடிப்பீர்கள்? திக்காகவா, லைட்டாகவா, முன்னே மாதிரிதானா, இப்போது மாறிவிட்டதா? மனிதர்கள் ஒயினைப் பற்றிப் பந்தாவாகப் பேசுவார்கள். காப்பியைப் பற்றி உண்மையைச் சொல்வார்கள். அந்தப் பதிலை வைத்து ஊற்றினால் கிளாஸ் திரும்பி வருவது அபூர்வம். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது: ஒருநாள் கட்டிங் சாயா உறுத்தி, இன்னும் கொஞ்சம் பால் விடச் சொன்னேன், அடுத்த மாதமே என் பிரியமான கனத்த சிவப்பு வாயில் முரடாகப் பட்டது. பதம் போட்ட நாக்கு என்று அப்பா சொன்னாரே, அது இறுகும் என்றுதான் நினைத்திருந்தேன். என் நாக்கு இளகியது.

போன மாதம் என் கடைசி நாள். மேடம் இரண்டு வருடம் முன்பே வேறு இடத்துக்குப் போய்விட்டார்; கூப்பிட்டேன், வந்தார். காலை பதினொரு மணி. பூவை எடுத்து டப்பாவில் போட்டார். மோரேயின் பாட்டிலை இருபது நிமிடம் ஐஸில் வைத்தேன். ஒன்பது வருடத்தில் கார்க் பொடிந்துபோயிருந்தது, வடிகட்டித்தான் ஊற்ற வேண்டியிருந்தது. ஓரத்தில் செங்கல் நிறம் ஏறியிருந்தது. வாயில் வைத்தேன். அந்தப் பின்வாசலில் கன்னத்தை இழுத்த ஒயின் இப்போது மெத்தென்று பரவியது. மாறியது ஒயினா, நானா? ஒரே பாட்டில், ஒப்பிட்டுப் பார்க்க அந்த இருபத்தாறு வயது நாக்கும் இல்லை. செயலியில் படம் எடுத்துப் பார்த்தார்கள் பிள்ளைகள். 'டேனின்: அதிகம்' என்றது அது. லேபிள் அதேதானே.

மேடம் துப்பிவிட்டு வாயைத் துடைத்தார். பழக்கதோஷத்தில் கேட்டார்:

"சவர்க்கறதா?"

நான் கார்டைத் திருப்பி வைத்துப் பேனாவைத் திறந்தேன். அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். பிறகு தானும் ஒரு கார்டை இழுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு எழுத ஆரம்பித்தார்.